லிகோரிக்குக் கேட்ட சத்தம்

தட்டவில்லை. எத்தனை தடவை காதைக் கொடுத்தாலும் தட்டவில்லை. கஸ்பார் மோத்தா சுக்கான் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது காதை இன்ஜின் பெட்டிப் பக்கம் சாய்த்து, மூச்சைக்கூடக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கேட்டார். புடுபுடுவென்று ஒரே சீராக, நெய் ஊற்றின மாதிரி ஓடிக்கொண்டிருந்தது இன்ஜின். இருபத்திரண்டு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் அவர். வாங்கின புதிதில் அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வள்ளத்துக்காரன் என்ன பேசுகிறான் என்றே விளங்காது. கரைக்கு வந்து சோறு தின்னும்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது பார், எவ்வளவு பதமாக ஓடுகிறது. மனுஷனைப் போலத்தான் இன்ஜினும், வயசு ஏற ஏறக் கத்தல் குறைந்து பக்குவப்பட்டுவிடும் என்று அவர் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருந்தார். இந்தப் பக்குவப்பட்ட இன்ஜினைத்தான் தட்டுகிறது என்கிறான் லிகோரி. அவர் பெண்டாட்டி சலேத்தின் உடன்பிறந்த தம்பி. பதினாறு வருஷமாக இதே வள்ளத்தில் கூடத் தொழிலுக்கு வருகிறவன். போன மாசம் ஒரு நாள் வலையை மடித்துக்கொண்டே, அத்தான், உள்ள என்னமோ தட்டுது பாத்தியளா என்று மெல்ல ஆரம்பித்தான். அதற்கப்புறம் அந்தச் சத்தம் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. தினமும் தட்டியது, ஆனால் லிகோரிக்கு மட்டும். நேற்றுச் சாயங்காலம் முடிவாகவே சொல்லிவிட்டான்: நாளைக் காலையில் கரைக்கு வரும்போது மெக்கானிக் நயினார் செயின் பிளாக்கோடு நிற்பான், அத்தான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பழசைத் தூக்கிவிட்டுப் புதுசை இறக்கிவிடலாம். அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்குக் காலையில் அவர் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பியிருக்கிறார். தூத்துக்குடித் துறைமுகத்துக் கிரேன்கள் மேற்கே தீக்குச்சி உயரத்துக்குத் தெரிகின்றன. இன்னும் ஒன்றேகால் மணி நேர ஓட்டம். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

முன்னால் லிகோரி வலைக் குவியல்மேல் உட்கார்ந்து, கண்ணியில் மாட்டின மீனைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்த வாக்கில்தான் உட்கார்ந்திருந்தான். இதுவும் புதுசு. முன்பெல்லாம் திரும்பும்போது அணியத்தில், வள்ளத்தின் முன்மூக்கில், முதுகைக் காட்டிக்கொண்டு கரையைப் பார்ப்பான். இப்போது இரண்டு மூன்று மாசமாக இவர் பக்கம் திரும்பியே உட்காருகிறான். என்னத்தைக் காவல் காக்கிறான்? அவனுக்குப் பக்கத்தில் வெயிலுகந்தான், கூலிக்கு வருகிறவன், ஊருக்குள்ளிருந்து கடலுக்கு வந்து நாலு வருஷம் ஆன தரைக்காரன். அவனை இவர் கொஞ்சம் நம்புவார். காரணம் வேறொன்றுமில்லை, வெயிலு பேசினால் அடுத்த காட்டில் ஆடு மேய்க்கிறவனுக்கும் கேட்கும். மனசில் கள்ளம் இல்லாதவன் உரக்கத்தான் பேசுவான் என்பது கஸ்பாரின் கட்சி. மற்றவர்கள் எல்லாம் இப்போது முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள். லிகோரி முணுமுணுக்கிறான். சலேத் அடுப்படியில் நின்று முணுமுணுக்கிறாள், என்னட்டி சொல்லுத என்று கேட்டால் ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க என்று கத்துகிறாள், அந்தக் கத்தலில் ஒரு சலிப்பு. டீக்கடையில் இவர் போய் உட்கார்ந்ததும் நாலு பேர் வாயசைவு குறையாமலே சத்தம் மட்டும் குறைந்துவிடுகிறது. பங்குச் சாமியார்கூடப் பிரசங்கத்தைப் பாதி விழுங்கிவிடுகிறார். மைக்கை மாற்றச் சொல்லி இவர் பங்குப் பேரவையில் எழுந்து நின்று பேசினார், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இந்த மைக்கு விஷயத்திலும் எவனோ விளையாடியிருக்கிறான் என்று அன்றைக்கே அவருக்குத் தோன்றியது. கோயில் மணியும் முன்னே மாதிரி இல்லை. எதை எடுத்தாலும் கலப்படம், மணியின் வெண்கலத்தில்கூட. இப்படி ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டு திரியும்போது ஒருத்தன் வந்து உன் இன்ஜினில் சத்தம் கேட்கிறது என்றால் நம்புவதற்கு அவர் என்ன பால் குடிக்கிற பிள்ளையா?

காரியம் என்ன என்று அவருக்குத் தெரியும். இன்ஜின் யாருடையதோ சுக்கான் அவனுடையது. கடற்கரையில் எழுதாத சட்டம் அது. வள்ளத்தில் கட்டை, வலை, ஆள் எல்லாம் இருக்கட்டும், பின்னால் இந்த ஒன்றரை முழப் பலகையில் உட்காருகிறவன் சொல்லுக்குத்தான் எல்லாம் திரும்பும். புது இன்ஜினுக்கு என் பங்குக்கு நானும் போடுதேன் அத்தான் என்று லிகோரி சொன்னபோது அவன் முகத்தில் ஒரு பாசம் தெரிந்ததே, அதைப் பார்த்துத்தான் இவருக்குச் சந்தேகம் பிடித்தது. ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதை. இன்றைக்கு இன்ஜினில் பங்கு, நாளைக்கு, அத்தான் நீங்க கொஞ்சம் முன்னால போய் இருங்க நான் பிடிக்கிறேன். அதற்கு அடுத்த நாள், அத்தான் உங்களுக்கு எதுக்கு இந்த வெயில்ல, வீட்ல இருங்க. அவ்வளவுதான். வீட்டில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஐம்பத்தேழு வயசில், சங்கு குளித்துக் குளித்து உடம்பு கெட்ட ஆஸ்பத்திரிக் கேஸ் மாதிரிக் கோயில் மதிலோரம் குந்திக்கொண்டு, வருகிற வள்ளத்தையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்காருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு இடம் காலியாகவும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் என்ன பேசுவது? இவருக்கு ஒரு காலத்தில் இருந்த பேர் என்ன! படுக்கையில் கிடந்தபடியே, ஓட்டம் கேட்டு, இது தொம்மையின் வள்ளம், இது கொரேரா வீட்டு வள்ளம், தண்ணீருக்கடியில் சுற்றுகிற அவன் விசிறியில் ஒரு இதழ் ஒடிந்திருக்கிறது, நாளைக்குள் பார்க்கச் சொல் என்று சொல்லிவிடுவார். மறுநாள் பார்த்தால் இதழ் ஒடிந்திருக்கும். மெக்கானிக் எல்லாம் வந்து கேட்டுப் போவான். அந்தக் காதுக்குக் கேட்காத சத்தம் லிகோரிக்குக் கேட்கிறதாம். இப்போது அவர் வள்ளங்களை ஓட்டம் வைத்துச் சொல்வதில்லை என்பது உண்மைதான். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அச்சு, எதைக் கேட்டாலும் ஒன்று போலத்தான் கேட்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்.

வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அலை இல்லை. புகைக்குழாய் பக்கத்தில், இன்ஜினைக் குளிர வைத்து வருகிற தண்ணீர் விட்டு விட்டுத் துப்பிக்கொண்டிருந்தது, அதைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தண்ணீரைப் பார்த்ததும் புனித வாரத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே இடம், இதே ஓட்டம். இவர் நேராகக் கிரேனைப் பார்த்துக்கொண்டு சுக்கான் பிடித்திருக்கிறார், திடீரென்று லிகோரி அணியத்திலிருந்து வலைமேல் விழுந்து எழுந்து ஓடி வருகிறான், இவரைத் தள்ளாத குறையாகத் தள்ளி இன்ஜினை நிறுத்துகிறான். பெட்டியைத் திறந்தால் உள்ளே புகை. அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் ஒரு பிளாஸ்டிக் கவர் போய் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஏறாமல் இன்ஜின் அடுப்பு மாதிரிக் காய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் பிஸ்டன் இறுகி, மூன்று பேரும் காற்று தள்ளுகிற திசைக்குப் போயிருப்பார்கள். அன்றைக்குக் காற்றும் கச்சான், நடுக்கடலுக்குத் தள்ளுகிற காற்று. தண்ணி துப்பாம ஓடுனா சத்தமே வறண்டு போயிரும்லா அத்தான், என்று லிகோரி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான், சொல்லிவிட்டு இவர் முகத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். அந்தப் பார்வையை இவர் இன்னும் மறக்கவில்லை. அணியத்தில் இருந்தவனுக்கு முதலில் எப்படித் தெரிந்தது? பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாதது இருபது அடி தள்ளி உட்கார்ந்தவனுக்குத் தெரிந்ததென்றால், நடக்கப் போவது அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்றுதானே அர்த்தம்? கவர் தானாகத்தான் போய் ஒட்டியதா? அப்படி நினைப்பது பாவம் என்று உடனே சிலுவை போட்டுக்கொண்டார். சலேத்தின் தம்பி. இவர் மடியில் வைத்துக் காது குத்திய பயல். ஆனாலும் நினைப்பு என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற நாயா? ராத்திரியில் வந்து காலடியில் படுத்துக்கொண்டது, காலையில் கூடவே எழுந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். லிகோரி அதிகம் பேசாதவன்.

நயினார் வந்து பார்த்ததும் ஒரு நாடகம்தான். ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் தோற்றான். எழுந்து நின்று லிகோரியைத்தான் பார்த்தான், இவரைப் பார்க்கவில்லை. பிறகு, லேசாத் தட்டுது மொதலாளி, பேரிங்கா இருக்கும், என்றான். லேசா! இங்க கொடுவே, என்று இவர் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி வழக்கம்போல வலது காதில் வைத்துப் பார்த்தார். சத்தியமாக ஒன்றுமில்லை. சுவரில் காதை வைத்த மாதிரி இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நாயே என் இன்ஜின் உன்னைவிட நன்றாக இருக்கிறது, போய் வேற வேலையைப் பார் என்று. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் ஒரு வாரமாக யோசிக்கிறார். ஒரு சின்னப் பயம். ஒருவேளை தட்டினால்? தட்டுகிற இன்ஜினை ஓட்டி, ராடு ஒடிந்து, அடிப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய், இரண்டு பேரைக் கொன்றவன் என்று பேர் வாங்கினால்? அதனால்தான் முந்தாநாள் வெயிலுவைத் தனியாகப் பிடித்தார். தண்ணீர்ப் பானைப் பக்கம் கூட்டிப் போய், வெயிலு, மெய்யாச் சொல்லு, தட்டுதால? என்று கேட்டார். எப்போதும் கேள்விக்கு முன்னாலேயே பதில் கத்துகிறவன், அன்றைக்கு முழித்தான். லிகோரி நிற்கிற பக்கம் ஒரு பார்வை போட்டான். நான் தரைக்காரன் அண்ணாச்சி, எனக்கு என்ன தெரியும் இதெல்லாம், என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தான். அந்த ஒரு பார்வை போதாதா? மூன்று பேரும் கூட்டு. இப்போதுகூடப் பார், லிகோரி அவனிடம் என்னமோ சொல்கிறான், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, வெயிலு தலையாட்டுகிறான். ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் பேச எத்தனை திமிர் வேண்டும். இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன், என்று கஸ்பார் மனசுக்குள் சொன்னார். கரையில் போய் எல்லார் முன்னாலும் சொல்லுவேன். நயினாரு, உன் செயின் பிளாக்கைத் தூக்கிக்கிட்டுப் போ, இந்த வள்ளத்தில் ஒரே ஒரு சாமான்தான் தட்டுது, அது என் மச்சினன் மனசு. இந்த வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சலேத் என்ன சொல்லுவாள் என்று நினைத்தபோது கொஞ்சம் சுருதி குறைந்தது. சொல்லட்டும். அவளும் இப்போது ஒரு மாதிரிதான் இருக்கிறாள். கலியாணம் ஆன நாளிலிருந்து கோயிலுக்குப் போகையில் வலது பக்கம் நடந்தவள், இப்போது சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நடக்கிறாள். கேட்டால் இந்தப் பக்கம் நிழல் என்கிறாள். திரும்பி வரும்போதும் அதே பக்கம்தான் நிழலாம்.

லிகோரி நிமிர்ந்து இவருக்குக் கையைக் காட்டினான். இடது பக்கம் ஒதுக்கு என்று உள்ளங்கையை விரித்து இரண்டு தரம் வெட்டினான். இந்தப் போலீஸ்காரன் வேலையும் கொஞ்ச நாளாகத்தான். வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? முன்னால் ஒரு தடையும் இல்லை, தெளிந்த தண்ணீர், எதற்கு ஒதுக்க வேண்டும்? அவர் வேண்டுமென்றே சுக்கானை அசைக்காமல் பிடித்திருந்தார். லிகோரி இவரைப் பார்க்கவில்லை, இவருக்குப் பின்னால் எதையோ பார்த்தான். மறுபடியும் கையை வெட்டினான், இந்தத் தரம் வேகமாக. அப்போதுதான் வெயிலு செய்ததை அவர் பார்த்தார். வெயிலு மீனைக் கீழே போட்டுவிட்டு, செதில் ஒட்டின இரண்டு கையாலும் தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடினான். வெடி வைக்கிற இடத்தில் நிற்கிறவன் மூடுகிற மாதிரி மூடினான். அணியத்து நுனியில் உட்கார்ந்திருந்த கடற்காக்கைகள் இரண்டும் ஒரே சமயம் விருட்டென்று எழுந்து பறந்தன. எதற்கு? கஸ்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கேயோ ரொம்பத் தூரத்தில், இடது பக்கமாக, ஒரு பசு கத்துகிற மாதிரி இழுவையாக ஒன்று கேட்டது. கடல் நடுவே பசு எங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே பின்னால் திரும்பினார். துறைமுகத்து இழுவைக் கப்பல். வலது பக்கம் முப்பது பாகத் தூரம்கூட இருக்காது, வீடு மாதிரி உயர்ந்து, மூக்கில் டயர் மாலை போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. மேல்தட்டில் ஒருத்தன் நின்று இவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினான். ஹார்ன் குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. கஸ்பாரின் கை தானாகச் சுக்கானைத் தள்ளியது. வள்ளம் இடது பக்கம் ஒடித்துக்கொண்டது, கப்பல் கடந்து போயிற்று, அதன் அலை வந்து பக்கவாட்டில் அறைந்து மூன்று பேரையும் நனைத்தது. வெயிலு காதிலிருந்து கையை எடுத்தான். அந்தக் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்துவிட்டான். அப்படியானால் சத்தம் நின்றுவிட்டது. அப்படியானால் இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது. காதைப் பொத்துகிற அளவுக்கு இருந்தது. கஸ்பார் முகத்துத் தண்ணீரைத் துடைக்கிற பாவனையில் வலது கையைத் தூக்கி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொடுக்குப் போட்டார். விரல் வழுக்கியது, ஈரம். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். ஏதோ சுள்ளி ஒடிந்த மாதிரிக் கொஞ்சம் கேட்டது. மறுபடி வலது. ஒன்றுமில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்தபோது இருந்த அதே சுவர். இருபத்திரண்டு வருஷம் இன்ஜின் பக்கம் இருந்த காது. அட மாதாவே, என்று அவர் சொன்னார், வாய்விட்டுச் சொன்னாரா மனசுக்குள் சொன்னாரா என்றுகூட அவருக்கே நிச்சயமில்லை. எப்போதிலிருந்து? மைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மணி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பங்குப் பேரவையில் தரையைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. டீக்கடையில் தெரிந்திருக்கிறது. சலேத்துக்கு முதலில் தெரிந்திருக்கும், அவள்தானே பக்கத்தில் படுக்கிறவள். பக்கம் மாறி நடந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல், மீசையை முறுக்கிக்கொண்டு எல்லாரையும் வேவு பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார். வெட்கத்தில் அவருக்கு உடம்பு எரிந்தது. அந்தக் கவரை லிகோரி வைத்தான் என்று நினைத்தோமே என்பது ஞாபகம் வந்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. இழுவைக் கப்பல் அறைந்த உப்புத் தண்ணீர் முகத்தில் இருந்தது நல்லதாயிற்று.

ஆனால் சந்தேகம் என்பது ஒரேயடியாகக் கழுவிவிடுகிற அழுக்கா? அது அடுத்த நிமிஷமே வேறு பக்கம் திரும்பிக் கடித்தது. காதுதான் போயிற்று என்றால், தட்டுவதும் மெய்யாக இருக்குமோ? எனக்குத்தான் கேட்கவில்லையோ? அவர் குனிந்து இன்ஜின் பெட்டியின் மூடியை ஒரு பக்கம் தூக்கி, உள்ளே கையை விட்டு, சூட்டையும் பார்க்காமல் இன்ஜின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். காதால் கேட்கிறவன்தான் டிரைவர், கையால் தடவுகிறவன் எல்லாம் கத்துக்குட்டி என்று இத்தனை காலம் கேலி பேசினவர், இப்போது கத்துக்குட்டி மாதிரித் தடவினார். உள்ளே தட்டினால் கைக்கு வரும். சுத்தியலால் உள்ளிருந்து குத்துகிற மாதிரி வரும், அதைக் காது மறைக்கலாம், கை மறைக்காது. கையை இடம் மாற்றி மாற்றி வைத்தார். சீரான அதிர்வு. இரண்டு சிலிண்டரும் அண்ணன் தம்பி மாதிரி மாறி மாறி, பிசகில்லாமல். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. லிகோரி சொன்னது பச்சைப் பொய். நயினார் சொன்னதும் பொய்தான். இவர் ஒரு மாசமாகச் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி, மூன்று பேரும் கூட்டுதான். அப்படியானால் நல்ல இன்ஜினை ஏன் தூக்கச் சொல்கிறான்? சுக்கான்தான் வேண்டுமென்றால் இன்ஜின் எதற்கு? அத்தான், உங்களுக்குக் காது அவிந்துபோச்சு, எழுந்திருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, மறுநாளே ஊர் கூடி இவரை மதிலோரம் உட்கார வைத்துவிடுமே. அதைச் சொல்ல அவனுக்கு மூன்று மாசம் இருந்தது. சொல்லவில்லை. கையைச் சூட்டிலிருந்து எடுக்கும்போதுதான், போன வாரம் லிகோரி இவரைக் கூட்டிப்போன இன்ஜின் கடை ஞாபகத்துக்கு வந்தது. கடைக்காரன் குதிரைத் திறன், டீசல் செலவு என்று அளந்துகொண்டிருக்க, லிகோரி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்ஜினோடு வருகிற ஒரு பலகையையே கட்டிக்கொண்டு நின்றான். சூடு கூடினால் அதில் ஒரு சிவப்பு பல்பு எரியுமாம், ஆயில் குறைந்தால் இன்னொன்று எரியுமாம். நடுமத்தியான வெயில்லயும் தெரியுமா என்று அவன் கேட்டான், கடைக்காரன் சிரித்தான், லிகோரி சிரிக்கவில்லை, அந்தப் பலகையைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்து, கையால் நிழல் கட்டாமல், எரியவிட்டுப் பார்த்தான். சுக்கான் பிடிக்கிறவன் கண்ணுக்கு நேரா மாட்டலாம்லா? என்று கேட்டான். பைத்தியக்காரன், பல்பு வாங்க வந்திருக்கிறான் என்று இவர் அன்றைக்கு நினைத்தார். பழைய இன்ஜின் வாயால் மட்டும் பேசும். புதுசு கண்ணுக்குச் சொல்லும்.

கஸ்பார் பெட்டியை மூடிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். கிரேன்கள் பெரிதாகிவிட்டன, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தெரிந்தது. இன்னும் கால் மணி நேரம் இருக்கலாம். அவருக்கு லிகோரியைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. யாரைக் கேட்டு எனக்கு இரக்கம் காட்டினாய் என்று கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் வள்ளத்தில் மூன்று பேரும் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது? இல்லை என்று சொன்னால் இந்த இன்ஜினோடுதான் நாளைக்கும் வர வேண்டும். இன்னொரு கவர் வந்து ஒட்டும், லிகோரி வலைமேல் விழுந்து எழுந்து ஓடி வருவான், ஒரு நாள் வந்து சேர மாட்டான். எழுந்து அவனிடம் சுக்கானைக் கொடுத்துவிடலாம். அதுதான் முறை. அதுதான் ஆம்பிளை செய்கிற காரியம். அவர் எழுந்திருக்கக்கூடப் பார்த்தார், முழங்கால் பாதி நிமிர்ந்தது, கக்கத்தில் இருந்த கட்டையை உடம்பு விடவில்லை. வெட்கங்கெட்ட உடம்பு. உட்கார்ந்துவிட்டார். இருந்துவிட்டுப் போகிறேன், இன்னும் ஒரு ரெண்டு வருஷம், என்று யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி நினைத்தார்.

“லிகோரி!” என்று கூப்பிட்டார். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று முதல் தடவையாக அவருக்குச் சந்தேகம் வந்து, கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “நீ சொன்னது சரிதான் மாப்ள. தட்டத்தான் செய்யுது. இப்பதான் கவனிச்சேன். எனக்கும் கேக்குது. மாத்திருவோம்.”

லிகோரி மீனைக் கையில் பிடித்தபடியே இவரைப் பார்த்தான். இல்லாத சத்தத்தை உண்டாக்கினவன் அவன். அது இன்னொருத்தருக்குக் கேட்கிறது என்றால் அவன் என்ன முகத்தை வைத்துக்கொள்வான்? அவன் முகம் என்னென்னமோ ஆயிற்று. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை; இந்தத் தடவை உண்மையிலேயே வரவில்லை என்பது கஸ்பாருக்குத் தெரிந்தது. அதற்குள் வெயிலு நிமிர்ந்தான். அவனுக்கு இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“எங்க அண்ணாச்சி தட்டுது?” என்று கடலுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். “எனக்கு ஒண்ணும் கேக்கலியே! நல்லால்லா ஓடுது!”

லிகோரி கையிலிருந்த மீனை அவன்மேல் விட்டெறிந்தான். “செவிட்டு மூதி!” அவன் இவ்வளவு உரக்கப் பேசி கஸ்பார் வருஷக்கணக்கில் கேட்டதில்லை. “ஒனக்குக் காது அவிஞ்சா போச்சு? அத்தானுக்குக் கேக்குது, எனக்குக் கேக்குது, ஒனக்கு மட்டும் கேக்கலியா?”

வெயிலு நெஞ்சில் வந்து விழுந்த மீனைப் பிடித்துக்கொண்டு லிகோரியைப் பார்த்தான். அப்புறம் கஸ்பாரைப் பார்த்தான். கஸ்பாரால் அவனைப் பார்க்க முடியவில்லை, தண்ணீர் துப்புகிற குழாயைப் பார்த்தார். வெயிலு மீனைக் கூடையில் போட்டுவிட்டு, சுண்டு விரலைக் காதுக்குள் விட்டு நன்றாக ஆட்டினான்.

“ஆமாண்ணாச்சி,” என்றான், கஸ்பார் பக்கம் திரும்பி, எப்போதையும்விட உரக்க. “தட்டுது, தட்டுது. எனக்குத்தான் காது மந்தம்.”

அது கஸ்பாருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.